ஜீப் வாடகை எதற்குக் கொடுக்கிறோம்?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது தேக்காவில் எந்தப் பயண முகவர் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு சொல் காதில் விழுகிறது: ஜீப் சஃபாரி. கோயில், கடற்கரை, கடைத்தெரு என்றிருந்த சுற்றுலாப் பட்டியலில் இப்போது மலைப்பாதை ஜீப் பயணமும் சேர்ந்துவிட்டது. சுரபாயா வரை விமானத்தில் போனால் புரோமோ எரிமலையின் மணல்வெளியில் ஜீப். கேமரன் மலைக்குப் போனால் தேயிலைத் தோட்டத்தின் வழியே பிரிஞ்சாங் சிகரத்துக்கு ஜீப். மதுரையில் இறங்கினால் கொழுக்குமலைக்கு ஜீப்.

நமக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. நம் தீவின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். டக்ஸ்டனில் உள்ள 50 மாடி வீவக புளோக்கும் ஏறக்குறைய அதே உயரம். மின்தூக்கியில் ஏறிவிடும் உயரத்தை மலை என்று சொல்லிப் பிள்ளைகளை எத்தனை நாள் சமாளிப்பது?

ஆனால் ஜீப்புக்குப் பணம் கட்டும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த வாடகைக்கு நாம் எதை வாங்குகிறோம்? குலுக்கலையா, வேகத்தையா, படம் எடுக்கும் இடத்தையா? சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு கொழுக்குமலைக்குப் போய் வந்ததிலிருந்து இதற்கு என்னிடம் தெளிவான விடை இருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழுக்குமலை தேனி மாவட்டம் போடிநாயக்கனூர்ப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் 7,000 அடிக்கும் மேல் இருக்கும் தேயிலைத் தோட்டம். இடம் தமிழ்நாட்டில். ஆனால் வண்டி போகும் பாதையோ கேரளத்தில், மூணாறை அடுத்த சூரியநெல்லியிலிருந்து புறப்படுகிறது. தமிழ்நாட்டு மலையைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போய், அங்கே ஜீப் ஏறி மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். சூரியநெல்லிக்கு மேல் சாதாரண கார் ஏறாது. கல்லும் பள்ளமுமான தோட்டப் பாதை. ஃபோர் வீல் ஜீப்புக்கு மட்டுமே வழிவிடும்.

இந்த மலைகளில் ஏறுவதும் இறங்குவதும் எப்போதுமே பெரும்பாடாகத்தான் இருந்திருக்கிறது. மூணாறுத் தேயிலையைக் கீழே கொண்டுவர 1902ல் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். 1908ல் அதை எடுத்துவிட்டுச் சிறிய ரயில்பாதை அமைத்தார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும் தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவழித் தொட்டியில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் துறைமுகத்துக்குப் போயின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்ப அது போடப்படவே இல்லை.

பெட்டிகள் கம்பியில் இறங்கின. மனிதர்கள் நடந்து ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்கள் தலைச்சுமையோடு காட்டுவழியே ஏறித்தான் இந்தத் தோட்டங்களுக்கு வந்தன. அதே கங்காணி முறையில் இன்னொரு கூட்டம் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தது. நம்மில் பலருக்கு அது பாட்டன், பூட்டன் கதை. இன்று சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் இருப்பது தெரியும். சுற்றுலாப் பயணிக்கு ‘அட்வென்ச்சர்’ ஆக இருப்பது அவர்களுக்கு வீட்டுக்குப் போகும் வழி.

நாங்கள் எட்டுப் பேர் போயிருந்தோம். நான், என் கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், மாமியார், நாத்தனார், அவர் கணவர், அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை ஓட்டுநர் தங்குமிடத்துக்கு வந்தார். வந்தவர் கட்டணம் பேசவில்லை, ஆட்களைப் பார்த்தார். “எத்தனை பேரு? யாருக்காவது முதுகுவலி, ஆபரேஷன் ஏதும் உண்டா? கர்ப்பமா இருக்கவங்க யாரும் இல்லையே?” என்று வரிசையாகக் கேட்டார்.

“ஆறு பேருதான் ஏத்துவேன். சின்னப் பிள்ளை வேணாம்” என்றார்.

நாத்தனார் கணவருக்கு மனம் கேட்கவில்லை. “மடியில் வைத்துக்கொள்கிறோம், கூடக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே” என்றார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “பணத்துக்கு இல்ல சார். குலுங்குற குலுக்கல்ல நீங்க கம்பியப் பிடிப்பீங்களா, பிள்ளையப் பிடிப்பீங்களா?”

அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளைக் காரில் உரிய இருக்கையோ வாரோ இல்லாமல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். செங்காங்கிலிருந்து தேக்காவுக்கு வருவதற்கே அத்தனை கவனமாகக் குழந்தை இருக்கையைப் பூட்டுகிறோம். விமானம் ஏறியதும் அதையெல்லாம் சாங்கியிலேயே விட்டுவிட்டு வரலாமா?

யார் தங்குவது என்று பேச்சு வந்தது. வழக்கம்போல் எல்லார் பார்வையும் மாமியார் பக்கம் போனது. 68 வயது, முழங்கால் வலி வேறு. ‘அம்மா பிள்ளையோடு இருக்கட்டுமே’ என்று சொல்லாமலே ஒரு முடிவு உருவாகிக்கொண்டிருந்தது. அப்போது நாத்தனார்தான், “அம்மா பிறந்தது போடி. சின்ன வயதிலிருந்து கீழே நின்று பார்த்த மலை இது. நான் இருக்கிறேன், அவர் போகட்டும்” என்றார். மாமியார் வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சால்வையை எடுத்து வைத்துக்கொண்டார்.

முழங்கால் வலியைக் கேட்டுக்கொண்ட ஓட்டுநர், “அம்மா முன்னாடி என்கூட உக்காரட்டும். பின்னாடி விட முன்சீட்ல குலுக்கல் கம்மி” என்றார்.

அதிகாலை 4 மணிக்கெல்லாம் புறப்பட்டோம். முதல் சில நிமிடங்கள் தார்ச்சாலை. பிறகு கற்கள். ஜீப் நடந்து போவது போலத்தான் போனது. என் மகன் ஏமாந்து போனான். “அண்ணே, இன்னும் கொஞ்சம் ஸ்பீடா போங்களேன்” என்றான்.

“ஸ்பீடா போக ரோடு வேணும் தம்பி. அது கீழ தேனியில இருக்கு. இங்க கல்லுதான் இருக்கு” என்றார் ஓட்டுநர்.

அதன் பொருள் போகப் போகப் புரிந்தது. இம்மாதிரிப் பாதையில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும். அதுவும் லோ கியரில், மெதுவாக, சீராக. வேகம் கூடினால் சக்கரம் கல்லைப் பற்றாமல் உதைத்துத் தள்ளும். வண்டி பக்கவாட்டில் வழுக்கும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஆகவே கியரைக் குறைத்து, எஞ்சினையே வண்டியைப் பிடித்து நிறுத்த வைக்கிறார்கள். எந்தக் கல்லின் மேல் சக்கரத்தை ஏற்றுவது, எதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுவது என்பதை அந்த இருட்டில் அவர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். எங்களுக்குக் குலுக்கலாகத் தெரிந்ததில் பாதி, அவர் குறைத்துத் தந்ததுதான்.

சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் யானைகளின் இடமும்கூட. அரிசிக் கடைகளை உடைத்துப் பெயர் பெற்ற அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அடுத்த மாதமே அது கம்பம் நகரத் தெருவில் ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஓர் இடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எடுத்தார். நாங்களும் கேட்கவில்லை.

உச்சியில் நின்றபோது இன்னும் விடியவில்லை. காலடிக்குக் கீழே மேகம். கிழக்கே சிவப்பு ஏற ஏற, மேகம் விலகிய இடத்தில் சமவெளி தெரிந்தது. சின்னச் சின்ன விளக்குகள். “அதுதாம்மா போடி” என்று ஓட்டுநர் கை காட்டினார். மாமியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “எங்க அப்பா மாட்டுவண்டியில ஏலக்காய் மூட்டை ஏத்துவாரு. மலையிலருந்து வருதுன்னு சொல்லுவாரு. இவ்வளவு உசரம்னு சொன்னதே இல்ல” என்றார். என் மகன் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் போய் நின்றான். வேகம் போதவில்லை என்ற புகார் அதற்குப் பிறகு அவனிடமிருந்து வரவில்லை.

அங்கேயே 1930களில் தொடங்கிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. நாம் தேக்கா சந்தையில் குடிக்கும் தே தாரிக்குக்குத் தூள் வேண்டும். இங்கே பழைய முறையில் இலையை வாட்டி, உருட்டி, காற்றில் கறுக்க விட்டு, உலர்த்துகிறார்கள். பால் இல்லாமல் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள்.

நின்று படம் எடுத்த அந்த விளிம்புக்குக் கீழேதான் குரங்கணிக் காடு. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைக்கு ஏறிவிட்டுக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேறிகளைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல் சரிவில் தப்பிக்க வழி தெரியாமல் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளையர்கள். வார இறுதிக்கு வந்த அலுவலகப் பணியாளர்கள் பலர். அனுமதி பற்றியும் வழிகாட்டல் பற்றியும் எழுந்த கேள்விகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின.

மழையிலும் மலை அப்படித்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நமக்கு ஒரு நாள் காட்சியாக இருக்கும் சரிவில் அவர்கள் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள். ‘இன்றைக்குப் பாதை இல்லை’ என்று ஓர் ஓட்டுநர் சொன்னால், அது சோம்பலில் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபத்து எப்போதும் மலையிடமிருந்தே வருவதும் இல்லை. 2023 செப்டம்பரில் புரோமோவின் புல்வெளியில் திருமணப் படம் எடுக்க வந்த ஒரு குழு, அழகுக்காகப் புகை வாணம் கொளுத்தியது. அது காய்ந்த புல்லில் பற்றி, நூற்றுக்கணக்கான ஹெக்டர் எரிந்தது. அங்குள்ள தெங்கர் மக்களின் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய்களும் கருகின. ஒரு படத்துக்கு ஊரே தண்ணீரை இழந்தது.

ஆகவே ஜீப் வாடகை எதற்கு என்ற கேள்விக்கு என் விடை: ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்தப் பணம். ஏழாவது ஆள் வேண்டாம், சின்னப் பிள்ளை வேண்டாம், வேகம் வேண்டாம், இன்று மலையே வேண்டாம். கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் ஓட்டுநர் மலிவாகக் கிடைப்பார். அவரை நம்பி மலையேறாதீர்கள்.

போகத் திட்டமிடுவோருக்குச் சில குறிப்புகள். நம் ஜூன் விடுமுறை மூணாறுப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் காலம். டிசம்பர் மேல், ஆனாலும் மழைச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக் கையில் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாதை மூடினால், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று யாரையும் வற்புறுத்தத் தேவைப்படாது. முன்னோக்கிய இருக்கையும் வாரும் உள்ள வண்டி கிடைக்குமா என்று கேளுங்கள். பயணக் காப்புறுதி இத்தகைய பாதைகளுக்குச் செல்லுமா என்று, வாங்கும் முன்பே ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். குளிராடை முக்கியம். முந்தைய இரவு பிள்ளைகளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம்.

தேக்காவில் பேரம் பேசுவது நமக்குக் கைவந்த கலை. புடவைக்குப் பேசலாம், கத்திரிக்காய்க்கும் பேசலாம். எழுதி ஒட்டியிருக்கும் ஜீப் வாடகையில் 300 ரூபாய் குறைத்தால் நமக்கு ஐந்து வெள்ளிகூட மிச்சமாகாது. அவருக்கோ அது அடுத்த நடைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் காரணமாகிவிடலாம். அந்த வண்டியில் ஏறுவது வேறு யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்.