வடகரைக்கும் வேண்டும் மார்கழி

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையின் முகமே மாறிவிடுகிறது. சபாக்களின் நிகழ்ச்சி நிரல் நாளிதழ்களை நிறைக்கிறது. எந்த அரங்கின் உணவகத்தில் எந்தப் பலகாரம் சிறப்பு என்பதுகூடச் செய்தியாகிறது. வெயில் தணிந்து, விடியற்காலையில் மெல்லிய குளிர் படரும் இந்நாள்களில் மெரீனாவிலும் பெசன்ட் நகரிலும் நடப்போரும் ஓடுவோரும் மிதிவண்டி மிதிப்போரும் பெருகுகிறார்கள். வெளிநாடு வாழ் தமிழர்கள் பலர் தங்கள் விடுமுறையை இதற்கென்றே ஒதுக்குகிறார்கள். 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிக் கருக்கொண்டு, 1928-இல் மியூசிக் அகாதெமியாக உருப்பெற்ற ஒரு முயற்சி, இன்று நகரத்தின் பண்பாட்டு அடையாளமாக வளர்ந்திருப்பது நம் அனைவருக்கும் பெருமைதான்.

ஆனால், அந்த நிகழ்ச்சி நிரல்களில் உள்ள அரங்குகளைச் சென்னை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துப் பாருங்கள். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர், நாரத கான சபாவும் நடன அரங்குகளும் இருக்கும் தென்பகுதி என்று ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் கூவம் ஆற்றுக்குத் தெற்கேதான் விழும். ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடகரை அநேகமாக வெற்றிடமாகவே இருக்கும். இலட்சக்கணக்கான மக்கள் வாழும் பகுதி அது.

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்று, திருவொற்றியூரிலேயே வசிப்பவன் நான். நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. கடல் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில்தான் இருக்கிறது. எனினும் கடலோரம் நடக்க இயலவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. சாலையைக் கடந்தால் பல இடங்களில் மணலுக்குப் பதிலாகக் கருங்கல் தடுப்புகளே வரவேற்கின்றன. ஆகவே கோயிலின் மாடவீதிகளைச் சுற்றி வந்து மருத்துவரின் சொல்லைக் காப்பாற்றுகிறேன்.

'அந்தப் பக்கத்தில் கச்சேரி கேட்க யார் வருவார்கள்?' என்று நண்பர் ஒருவர் ஒருமுறை கேட்டார். வரலாறு அவருக்குச் சாதகமாக இல்லை. தியாகராஜ சுவாமிகள் சென்னை வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் இல்லத்தில். அவர் திருவொற்றியூருக்கு வந்து வடிவுடையம்மனைப் பாடிய ஐந்து கீர்த்தனைகளே 'திருவொற்றியூர் பஞ்சரத்தினம்' என்று இன்றும் தெற்கத்திய மேடைகளில் பாடப்படுகின்றன. அவருடைய சீடர் வீணை குப்பய்யரின் மகனை இசையுலகம் திருவொற்றியூர் தியாகய்யர் என்றே அறியும். வீணை தனம்மாளின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைகள் நிகழ்ந்ததும் ஜார்ஜ் டவுனில்தான். ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த வள்ளலார் நடந்தே வந்து வழிபட்ட தலம் திருவொற்றியூர். பட்டினத்தார் அடங்கிய இடமும் இதுவே. நகரம் தெற்கே விரிந்தபோது புரவலர்கள் இடம்பெயர்ந்தனர். அரங்குகளும் அவர்களைத் தொடர்ந்து சென்றன. கேட்போர் இங்கேயேதான் இருந்தார்கள்.

அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. சாவு வீட்டின் துயரத்திலிருந்து பிறந்து திரையிசை வரை சென்ற கானா, இந்தத் தெருக்களின் கொடை. 2020 டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியபோது, மார்கழிக்கு இன்னொரு குரலும் உண்டு என்பதை நகரம் உணர்ந்தது. விளையாட்டிலும் அப்படித்தான். துறைமுகத் தொழிலாளர்களிடையே வேர்கொண்ட ஆங்கிலக் குத்துச்சண்டைப் பரம்பரைகளை 2021-இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' உலகறியச் செய்தது. வியாசர்பாடியின் மண் திடல்களில் பந்து உதைத்து வளர்ந்த நந்தகுமார் சேகர் இந்திய அணிக்கு ஆடினார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். சந்து முனையில் ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டு ஆடப்படும் ஆட்டத்திலிருந்து உலகப் பட்டம் வருகிறது என்றால், குறை மக்களிடம் இல்லை, இடத்தில்தான் இருக்கிறது.

அந்த இடம் எங்கே போயிற்று? இதற்கு விடை தேடினால் மெரீனாவில் போய் நிற்போம். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர் அந்த மணலை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் துறைமுகத்துக்குத் தெற்கே ஆண்டுதோறும் சேர்ந்து, நாம் கொண்டாடும் பரந்த மெரீனாவாயிற்று. வடக்கே வந்து சேர வேண்டிய மணல் வரவில்லை. அலைகளோ ஓயவில்லை. ராயபுரம் முதல் திருவொற்றியூருக்கு அப்பால் வரை கரை அரிக்கப்பட்டது. மீனவக் குப்பங்களின் வீடுகள் வரிசை வரிசையாகக் கடலுக்குள் போயின. அண்மைக் காலத்தில் கடலுக்குள் அமைக்கப்பட்ட கல் தடுப்புகளுக்கிடையே சில இடங்களில் சிறிது மணல் சேர்ந்திருக்கிறது. அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஒருவர் அடையும் பயனுக்கான செலவை, அந்தப் பரிமாற்றத்தில் பங்கே பெறாத இன்னொருவர் சுமப்பதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. ஆர்தர் செசில் பிகூ 1920-இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில் இதற்குக் காட்டிய உதாரணங்களில் ஒன்று ஆலைப் புகை. அந்தப் பாடத்தை நடத்தும்போது நான் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னதில்லை. வகுப்பறையின் சன்னலைப் பார்க்கச் சொல்வேன்.

எண்ணூரின் கதை இன்னும் வேதனையானது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எண்ணூர் ஒரு விடுமுறைத் தலம். நகரவாசிகள் காற்று வாங்கவும் படகு விடவும் மீன் விருந்து உண்ணவும் நாடிச் சென்ற கழிமுகம் அது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அதே இடத்தில் பின்னர் அனல் மின் நிலையங்களும், சாம்பல் குட்டைகளும், நிலக்கரித் துறைமுகமும் வந்தன. 2017-இல் டி.எம். கிருஷ்ணா 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பாடியது இந்தக் கழிமுகத்தின் சாம்பல் படிந்த நிலத்தில்தான். எண்ணூருக்கு வந்தபோது கர்நாடக இசைகூட ஒரு புகார் மனுவாகவே வர நேர்ந்தது.

அதே 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது மீண்டும் அதே காட்சியைக் கண்டோம். படகும் வலையும் பாழாயின. இறாலும் நண்டும் இருந்த சேற்றில் எண்ணெய் படிந்தது.

அந்த மாதம் 26-ஆம் தேதி மாலை நான் மயிலாப்பூரில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு மெட்ரோ ரயிலில் வீடு திரும்பியிருந்தேன். நள்ளிரவு தாண்டியதும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எண்ணூர் பெரியகுப்பத்தில் உறவினரைக் கொண்டவர் அவர். 'ஐயா, காற்றில் ஏதோ கலந்துவிட்டது. கண் எரிகிறது, மூச்சு விட முடியவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். உங்கள் தெருவில் தங்க இடம் கிடைக்குமா?' என்றார். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு அது என்று விடிந்த பிறகே அறிந்தோம். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அன்றைய கச்சேரியில் நான் கேட்ட ராகம் எதுவென்று இன்று நினைவில்லை. எங்கள் திண்ணையில் ஈரத்துணியால் முகத்தை மூடி அமர்ந்திருந்த பாட்டியின் இருமல் நினைவிருக்கிறது. ஒரே நகரத்துக்கு ஒரே மார்கழியில் இரண்டு இரவுகள் இருந்தன.

ஆலைகளே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. 1948-இல் எண்ணூரில் தொடங்கிய வாகனத் தொழிற்சாலையும், 1950-களில் திருவொற்றியூரில் எழுந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், இன்று ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் வாழும் விம்கோ தீப்பெட்டி ஆலையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. என் மாணவர்களின் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வந்தது. ஆனால், சம்பளம் உழைப்புக்கான விலை மட்டுமே. இழந்த கரைக்கும், கெட்ட காற்றுக்கும், ஓய்வுக்கென்று ஓர் இடம் இல்லாத மாலைகளுக்கும் யாரும் விலை தரவில்லை. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று மேலெழாமல் தங்கிவிடுவதால் புகையும் தூசியும் இந்நாள்களில்தான் அதிகம் தேங்குகின்றன. உடலுக்கு இதமான பருவம் என்று தெற்கே வருணிக்கப்படும் அதே வாரங்கள், வடக்கே ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சோதனைக் காலம்.

மாறுதலுக்கான அறிகுறிகள் தென்படாமல் இல்லை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் நான்காயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணிகளோடு தொடங்கப்பட்டது. 2023-இல் மீண்டும் உயிர்பெற்ற 'சென்னை சங்கமம்' கலைகளைத் திடல்களுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் பொங்கலையொட்டிய சில நாள்களோடு திடல்கள் மீண்டும் மௌனமாகிவிடக் கூடாது.

செய்யக்கூடியவை பல. அரசின் உதவியோ சலுகையோ பெறும் கலை அமைப்புகள், டிசம்பர் நிகழ்ச்சிகளில் ஒரு சிறு பங்கையாவது வடசென்னையின் பள்ளி வளாகங்களிலும் மாநகராட்சிக் கூடங்களிலும் நடத்தலாம். அதே மேடையில் கானாவுக்கும் பறைக்கும் இடம் தரலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம். அதன் தூண்கள் நிற்கும் கூடத்தை அருங்காட்சியகமாகவும் மாலை அரங்காகவும் மாற்ற ரயில்வே முன்வர வேண்டும். அந்த நிலையம், 1949-இல் ஒரு பேரியக்கத்தின் தொடக்கக் கூட்டம் மழையில் நடந்த ராபின்சன் பூங்கா, 1910-இல் எழுந்த பார்சிகளின் நெருப்புக் கோயில், கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள்கள் மட்டும் ஆதிபுரீசுவரர் கவசமின்றிக் காட்சி தரும் திருவொற்றியூர்க் கோயில் ஆகியவற்றை இணைத்தால், எந்த நகரமும் பொறாமைப்படும் மரபு நடைப்பயணம் கிடைக்கும்.

கடற்கரையை அழகுபடுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தெற்கத்தியருக்குக் கடற்கரை உலாவும் இடம். காசிமேட்டு மீனவருக்கு அது தொழிற்கூடம். வலை உலர்த்தும் மணலில் அலங்கார விளக்கு நடுவது வளர்ச்சியாகாது. குப்பத்து மக்களோடு கலந்து பேசிய பிறகே திட்டம் வரைய வேண்டும். மாசு ஏற்படுத்தியோரிடமிருந்து பெறப்படும் இழப்பீட்டுத் தொகை, பாதிக்கப்பட்ட அதே ஊரின் மருத்துவத்துக்கும் திடலுக்கும் மரங்களுக்கும் செலவிடப்பட வேண்டும். ஆபத்தான வாயுக்களைக் கையாளும் ஆலைகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் எச்சரிக்கை ஒலியும், காற்றின் தரத்தைத் தமிழில் காட்டும் பலகையும் அடிப்படைத் தேவைகள். பாட்டுக்கு முன்னால் மூச்சு வேண்டும்.

'வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதவர்களுக்குக் கலையும் உலாவலும் ஆடம்பரம்' என்று சிலர் கருதலாம். சந்து முனை கேரம் பலகையைச் சுற்றி இரவு பத்து மணிக்கும் கூடி நிற்கும் இளைஞர்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓய்வும் கலையும் வசதி வந்த பிறகு வாங்கும் பொருள்கள் அல்ல. நகரத்தைக் கட்டி எழுப்பியவர்களுக்கு அந்த நகரம் தர வேண்டிய பங்கு.

மார்கழி மாலைகளில் என் தெருவிலிருந்து சிலர் மெட்ரோவில் தெற்கே சென்று கச்சேரி கேட்டுத் திரும்புகிறோம். அந்தத் தண்டவாளம் இரு திசையிலும் செல்கிறது. திருவொற்றியூர் தேரடியில் ஒரு நல்ல மேடை அமைந்தால், தெற்கிலிருந்து வருவோருக்கு நிலையத்திலிருந்து வழிகாட்டி அழைத்துவர நாங்கள் காத்திருக்கிறோம்.