ஸ்பர்ட் இல்லை பாஸ், ஸ்பர்!

சிம்போசியம் ரிப்போர்ட், இன்டர்ன்ஷிப் மெயில், எஸ்ஓபி என்று எதில் வேண்டுமானாலும் இந்த வரி எட்டிப் பார்க்கும்: "ஆன் தி ஸ்பர்ட் ஆஃப் தி மொமென்ட்". முன்யோசனை இல்லாமல், சட்டென்று தோன்றியதைச் செய்தோம் என்று சொல்ல வருகிறார்கள். சரியான சொல் 'ஸ்பர்'. கடைசியில் அந்த 'ட்' கிடையாது.

பேசும்போது இது யார் காதிலும் விழாது. எழுதினால் மாட்டிக்குவீங்க. ஸ்பெல் செக்கரை நம்பாதீங்க, 'ஸ்பர்ட்' என்பதும் நிஜமான சொல்தானே! குழாய் உடைந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதுதான் ஸ்பர்ட். ஆசையும் அப்படிப் பீறிட்டு வருவதுதானே என்று மனசு ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. தமிழ் மீடியம்காரர்களைக் கிண்டல் பண்ணுபவர்களுக்கு ஒரு தகவல்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள்.

மனப்பாடம் வேண்டாம், படமாகப் பாருங்கள். குதிரை ஓட்டுபவர் பூட்ஸின் குதிகாலில் மாட்டும் முள்தான் ஸ்பர். விலாவில் ஒரு குத்து, குதிரை கிளம்பிவிடும். நம்ம ஊர் மாட்டுவண்டியில் தார்க்குச்சி செய்யும் அதே வேலை. இங்கே குத்துவது அந்த நொடி, ஓடுவது நாம். மெக்கானிக்கல் மக்களுக்கு இன்னும் சுலபம்: அந்த முள்ளில் பல் பல்லாகச் சுழலும் சக்கர வகை ஒன்று உண்டு, அதன் சாயலில் வந்த பெயர்தான் நீங்கள் வரைந்து தள்ளும் ஸ்பர் கியர்.

முன்னால் வருவது 'ஆன்'. 'இன்', 'அட்' எல்லாம் வராது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாகப் போட்டால், ஸ்பர்-ஆஃப்-தி-மொமென்ட் டிரிப் என்று நடுவில் ஹைஃபன் வேண்டும். கோபத்தில் வார்த்தையை விட்டுவிட்டு இதை எழுதாதீங்க, அதற்கு 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' தனியாக இருக்கிறது.

சரியாக எழுதினாலும் எஸ்ஓபியில் இது வேண்டாம் என்பதே என் கட்சி. "ஆன் தி ஸ்பர் ஆஃப் தி மொமென்ட் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தேன்" என்றால் ஸ்பெல்லிங் சரி, கிராமர் சரி. ஆனால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சேர்ந்ததாக நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதைக் கொடைக்கானல் டிரிப் போஸ்ட்டுக்கு வச்சுக்குங்க.