சாவு வீட்டுக்கு வந்த இரண்டு எபோலா

2014 மே மாதம். மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் கெனெமா அரசு மருத்துவமனைக்கு, கரு கலைந்த நிலையில் ஒரு பெண் வந்து சேர்ந்தார். வேறு சமயமாக இருந்தால் விஷயம் மகப்பேறு வார்டோடு முடிந்திருக்கும். ஆனால், பக்கத்து நாடான கினியாவில் அப்போது எபோலா பரவிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதித்தார்கள். எபோலாவேதான்!

எங்கே தொற்றியது? நாட்டு வைத்தியம் பார்த்த ஒரு பெண்மணியின் இறுதிச் சடங்குக்கு அவர் போய் வந்திருந்தார். எல்லை தாண்டி கினியாவிலிருந்து வந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தவர் அந்த வைத்தியர். அதே சடங்குக்குப் போன இன்னும் 13 பெண்களுக்கும் எபோலா இருப்பது அடுத்தடுத்துத் தெரிந்தது.

இதுவரை நடந்தது வீடு வீடாகப் போய் விசாரிக்கும் பழைய வழி. ஆனால், ஜனங்கள் மறந்துவிடுவார்கள். பயத்தில் சிலர் மறைப்பார்கள். அதனால் கெனெமா மருத்துவர்கள் இன்னொரு சாட்சியையும் விசாரித்தார்கள். அது வைரஸ்.

எபோலாவின் மரபணுத் தொடர் ஏறக்குறைய 19,000 எழுத்துகள் கொண்டது. ஓர் உடம்பில் அது லட்சக்கணக்கில் தன்னைப் பிரதி எடுக்கும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப் பிழை விழும். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர் செய்த பிழை, அதைப் பார்த்து எழுதிய அடுத்த ஏட்டிலும் தொடருமே, அதே கதைதான். ஒரே பிழை இரண்டு நோயாளிகளிடம் இருந்தால், இருவருக்கும் நோய் ஒரே வழியில் வந்திருக்கிறது என்று பொருள்.

செயலிழக்கச் செய்த ரத்த மாதிரிகள் அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிடியூட்டுக்குப் பறந்தன. பார்டிஸ் சபேட்டியின் குழு, 78 நோயாளிகளிடமிருந்து 99 மரபணுத் தொடர்களைப் படித்தது. கட்டுரை அச்சாகும்வரை பூட்டி வைக்காமல், படிக்கப் படிக்க இணையத்தில் போட்டார்கள். விஞ்ஞானிகள் அவ்வளவு சீக்கிரம் செய்கிற காரியமில்லை இது.

சாவு வீட்டுக்கு வந்தது ஒரு வைரஸ் அல்ல, கினியாவில் முன்பே கிளை பிரிந்திருந்த இரண்டு வகைகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கேள்வி கேட்டு இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இதைவிட முக்கியமானது இன்னொன்று. காட்டு விலங்கிடமிருந்து நோய் திரும்பத் திரும்ப வரவில்லை; ஒரே முறை மனிதருக்குத் தாவி, அதன்பிறகு மனிதர் வழியாகவே பரவியிருக்கிறது. அப்படியானால், காவல் போடவேண்டிய இடம் காடு அல்ல; நோயாளியின் படுக்கையும், பிணத்தைக் குளிப்பாட்டும் இடமும்.

அந்தப் படுக்கைகளின் பக்கத்தில் நின்றவர் டாக்டர் ஷேக் ஹுமர் கான். கெனெமாவின் காய்ச்சல் வார்டுக்குத் தலைமை வகித்தவர். 2014 ஜூலை 29 அன்று எபோலா அவரையும் கொண்டுபோனது. வயது 39. ஆகஸ்ட் இறுதியில் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வு வெளியானபோது, அதை எழுதியவர்கள் பட்டியலில் ஐந்து பேர் எபோலாவுக்குப் பலியாகியிருந்தார்கள். அந்தக் கொள்ளைநோய் 2016ல் அடங்குவதற்குள் 11,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

2021 பிப்ரவரியில் கினியாவில் மறுபடியும் எபோலா. புதிதாகக் காட்டிலிருந்து வந்ததாகத்தான் முதலில் நினைத்தார்கள். மரபணுத் தொடரைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி! பழைய கொள்ளைநோயின் வைரஸோடு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போனது. ஐந்து வருடம் பரவிக்கொண்டே இருந்திருந்தால் எத்தனையோ பிழைகள் சேர்ந்திருக்க வேண்டும். இதில் மிகக் கொஞ்சம். அதாவது, முன்பு பிழைத்த ஒருவரின் உடம்பில் வைரஸ் அத்தனை காலம் பதுங்கி இருந்திருக்கிறது.

இந்த உண்மையைச் சொல்வதிலும் ஒரு சங்கடம் இருந்தது. குணமாகி வீடு திரும்பியவர்களை ஊர் ஏற்கெனவே ஒதுக்கித்தான் வைத்திருந்தது. இதைக் கேட்டால் இன்னும் ஒதுக்குமே என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். ஆனாலும் சொன்னார்கள். பிழைத்தவர்களைக் கூடுதல் காலம் மருத்துவக் கவனிப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சும் கூடவே எழுந்தது. இந்த முறை தடுப்பூசி கையில் இருந்தது. நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடித் தேடிப் போட்டார்கள். ஜூன் 19 அன்று, எபோலா முடிந்ததாக அறிவிப்பு வந்தது.