அணைக்கும் முன் கொஞ்சம் காற்று

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவருக்கு ரோட்டரி வேக்குவம் பம்ப்பை எப்படிப் போடுவது என்று யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நிறுத்துவது என்றால் மட்டும் "சுவிட்சை ஆஃப் பண்ணிடு" என்பதோடு சரி. பம்ப்பையும் அதோடு இணைந்த கருவியையும் ஒருசேரக் கெடுக்க அந்த ஒரு நொடியே போதும்.

பம்ப்பின் உள்ளே, உருளை வடிவக் கூட்டில் மையம் விலகிச் சுழலும் ரோட்டார் ஒன்று இருக்கிறது. அதில் செருகிய தகடுகள் சுவரை ஒட்டியபடியே ஓடி, காற்றை வாரி நெருக்கி, எக்ஸாஸ்ட் வால்வு வழியே வெளியே தள்ளுகின்றன. தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியை அடைப்பது எண்ணெய். உராய்வைக் குறைப்பதும் சூட்டை வாங்கிக்கொள்வதும் அதுவே. நல்ல நிலையில் உள்ள இரண்டு கட்டப் பம்ப், 1000 மில்லிபார் அளவிலான வளிமண்டல அழுத்தத்தை 0.001 மில்லிபார் வரை இறக்கிவிடும்.

வெற்றிடம் எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் வெற்றிடம் எதையும் உறிஞ்சுவதில்லை; வெளிக்காற்றுதான் தள்ளுகிறது. மோட்டார் நின்றதும், எண்ணெய்த் தொட்டியின் மேல் முழு வளிமண்டலமும் அழுத்துகிறது. குழாயின் மறுபக்கம் எதிர்க்க ஒன்றுமில்லை. எண்ணெய் தகடுகளின் ஓரமாகக் கசிந்து, குழாயில் ஏறி வெற்றிடக் கலனுக்குள் போய்விடும். பம்ப் தரையில் இருக்கிறது, கலன் மேசைமேல்தானே என்று ஆறுதல் கொள்ள முடியாது. வளிமண்டல அழுத்தம் இந்த எண்ணெயைச் சுமார் 11 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வல்லது.

எனவே முதலில் கலனுக்கும் பம்ப்புக்கும் இடையிலான வால்வை மூட வேண்டும். பிறகு பம்ப்பின் வாயருகே உள்ள காற்று வால்வைத் திறந்து, உடனே மோட்டாரை அணைக்க வேண்டும். காற்றைத் திறந்துவிட்டு வெகுநேரம் ஓடவிட்டால் எக்ஸாஸ்ட்டில் எண்ணெய்ப் புகை கிளம்பும். முதலில் அணைத்து, அடுத்த நொடியே காற்று விடச் சொல்லும் கையேடுகளும் உண்டு. அதில் பெரிய வேறுபாடு இல்லை. நின்ற பம்ப்பை வெற்றிடத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் தவறு.

புதிய பம்ப்களில் எண்ணெய் பின்னேறாமல் தடுக்கும் வால்வு உள்ளேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதன் இருக்கையில் துளி அழுக்கு படிந்தாலும் இரவு முழுக்க மெல்லக் கசியும். அதை இரண்டாவது காவலாக வைத்துக்கொள்ளலாம்; முதல் காவலாக அல்ல. மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், மின்சாரம் போனதும் கலனை மூடிப் பம்ப்புக்குக் காற்று விடும் சோலனாய்டு வால்வு நல்ல முதலீடு. மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்காத ஸ்டார்ட்டரும் கூடவே வேண்டும்.

நீராவியோ கரைப்பான் ஆவியோ இழுத்த நாளில் இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நெருக்கப்படும்போது ஆவி பம்ப்புக்குள்ளேயே நீர்மமாகி எண்ணெயில் கலந்துவிடும். பார்வைக் கண்ணாடியில் எண்ணெய் மோர் போல வெளுத்துத் தெரியும். அப்படிப்பட்ட எண்ணெய் அடைக்கவும் செய்யாது, வழுக்கவும் செய்யாது. உள்ளே துருப்பிடிக்க வைக்கும். இதற்குத்தான் ஜெர்மன் இயற்பியலாளர் வொல்ஃப்காங் கேடே 1935இல் காஸ் பாலஸ்ட் முறையைக் கொண்டுவந்தார். நெருக்கும் கட்டத்தில் சிறிது வெளிக்காற்றைச் சேர்த்தால், ஆவி நீர்மமாகும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்து அதை வெளியேற்றிவிடும். பம்ப்பின் மேலிருக்கும் பாலஸ்ட் திருகைத் தொடாமலே ஆண்டுகளைக் கழிக்கும் ஆய்வகங்கள் பாவம். ஆவியை இழுக்கும் முன் அரை மணி நேரம் பம்ப்பைச் சூடேற்றுங்கள். வேலை முடிந்ததும் கலனை மூடி, பாலஸ்ட்டைத் திறந்து, இன்னொரு அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே நிறுத்துங்கள்.

எக்ஸாஸ்ட் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் பம்ப்பின் கூடே வெடிக்கலாம். தூய ஆக்சிஜனைச் சாதாரணக் கனிம எண்ணெய் உள்ள பம்ப்பால் இழுப்பதும் வெடிப்பில் முடியலாம். அதற்கு ஃபுளோரின் சேர்ந்த தனி எண்ணெய் உண்டு.

எண்ணெயை மாற்றும்போது பம்ப் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கும் சேர்ந்து வடியும். வடித்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் கட்டுப்படுத்துகின்றன. நச்சு ஆவி கலந்த எண்ணெயானால் தனிக் கேனில் ஊற்றி, என்ன கலந்தது என்று மேலே எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும்.