சமூக மன்றத்தில் ஒரு பழைய கமாரோ

ரேஸ் கோர்ஸ் சாலைக்கு நாம் போவது வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன்தலைக் கறிக்கும்தான். பக்கத்து ஃபேரர் பார்க் திடலில் 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்ததால் வந்த பெயர் அது. குதிரைகள் புக்கிட் தீமாவுக்கும் பிறகு கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்து, 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசியாக ஓடின. கார்களின் கதையும் ஏறக்குறைய அதேதான். அப்பர் தாம்சன் சாலையில் 1961இல் தொடங்கிய கிராண்ட் பிரீ 1973உடன் நின்றது. சாங்கியில் வரவிருந்த பந்தயத்தடம் 2012இல் கைவிடப்பட்டது. மரினா பேயில் ஃபார்முலா 1 நடக்கிறதே என்பீர்கள். அங்கே நாம் பார்வையாளர்கள். பெரிய கார்களுக்கான சிஓஇ மட்டுமே 2023 அக்டோபரில் 150,001 வெள்ளிக்குப் போன ஊர் இது. மாணவன் சொந்தக் காரில் பந்தயம் ஓட்டுவதாவது!

எனவே எங்களுக்குத் தடம் என்பது திரைதான். வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங்கைப் பொருத்திக்கொண்டு, சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் சிலர் இணையம்வழி ‘கிரான் டுரிஸ்மோ 7’இல் மோதிக்கொள்கிறோம். “சாப்பாடு எங்கேப்பா வைக்கிறது?” என்பது அம்மாவின் வாராந்தரக் கேள்வி.

எல்லாருக்கும் ஒரே கார்: 1969ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ இசட்28. ‘மசில் கார்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் வகை. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்றே இதற்கு 4.9 லிட்டர் வி8 என்ஜின் கொடுத்தார்கள். 1968, 1969 இரண்டு ஆண்டும் டிரான்ஸ்-ஆம் பட்டம் செவர்லேக்குத்தான்.

புதிய பந்தயக் கார் நம் தவற்றை மறைத்துவிடும். இது மறைக்காது. கனமான என்ஜின் முன்னால், உந்துவிசையோ பின்சக்கரங்களில். பின்பக்கத்தில் லாரிக்கு இருப்பதுபோல் பட்டை வில்கள். உதவி அமைப்புகளையெல்லாம் அணைத்துவிட்டு ஓட்டினால், பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்ததும் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் நேராகச் சுவரைத் தேடிப் போகும். வளைவு முடிவதற்குள் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வால் முந்திக்கொள்ளும். முதல் வாரம் நான் ஒரு சுற்றைக்கூட முழுதாக முடிக்கவில்லை. நேர்ப்பாதையிலேயே பிரேக், பிறகு காத்திருப்பு, பிறகு மெல்ல வேகம். எடை முன்னும் பின்னும் நகர்வதை இயற்பியல் வகுப்பில் படித்திருந்தேன். கையில் உணர்ந்தது இங்கேதான்.

இது வீண்பொழுது என்பவர்களுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. சென்ற பருவத் தேர்வுக்கு முந்திய வாரமும் இரவு இரண்டு மணிவரை ஓட்டியவன் நான். கணினியில் பந்தயம் பழகி டேடோனா 500 பந்தயத்தை 2024, 2025 இரண்டு ஆண்டும் வென்ற வில்லியம் பைரனைக் காட்டிப் பெற்றோரிடம் வாதாடவும் வேண்டாம். அவர் கோடியில் ஒருவர்.

என் கவலை வேறு. எங்களில் நன்றாக ஓட்டக்கூடிய ஒருவன் கைப்பிடிக் கருவியோடுதான் விளையாடினான். ஸ்டியரிங்கும் மிதிகளும் சில நூறு வெள்ளி ஆகும். பகுதிநேர வேலைச் சம்பளம் அவனுக்கு வீட்டுச் செலவுக்கே போனது. விரலால் அந்தக் கமாரோவை அடக்கப் பார்த்து, மூன்றாவது வாரத்தோடு விலகிக்கொண்டான். யார் வேண்டுமானாலும் பந்தயம் ஓட்டலாம் என்று இந்த விளையாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம். அவனிடம் எப்படிச் சொல்வது?

2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் சன்டெக்கில் நடந்தபோது கிரான் டுரிஸ்மோவும் அதில் ஒரு போட்டி. அத்தனை பெரிய அரங்கு வேண்டாம். சமூக மன்றங்களில் பூப்பந்துத் திடலை மணிக்கணக்கில் பதிவுசெய்கிறோமே, அதுபோல நான்கு ஸ்டியரிங் மேசைகள் போதும். தேர்வு வாரங்களில் அறையைப் பூட்டிவிடலாம், எனக்கும் நல்லது.

ஒன்றே ஒன்று: முதல் வளைவிலேயே அடுத்தவரை இடித்துத் தள்ளி முன்னேறும் வழக்கம் இணையத்தில் மலிந்துகிடக்கிறது. ஐரேசிங்கில் பாதுகாப்புக்கும் கிரான் டுரிஸ்மோவில் கண்ணியத்துக்கும் தனி மதிப்பீடு இருந்தும் அது ஓயவில்லை. மன்றத்தில் இடி வாங்கியவர் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். திரும்பிப் பார்த்து “சாரி அண்ணா” என்று சொல்லியாக வேண்டும்.