எதிராளியின் முதுகு

"படகு வலிக்கக் கைதானே வேண்டும்? காலுக்கு அங்கே என்ன வேலை?" என்று நேயர்கள் கேட்கலாம். உண்மையில் பந்தயப் படகின் ஆசனம் முன்னும் பின்னும் உருளும். வலிப்பவர் காலை உந்தித்தான் வேகம் பெறுகிறார். அந்தக் காலே செயலற்றுப் போனால்?

இங்கிலாந்து தேசத்து டாம் ஆகருக்கு நேர்ந்தது இதுதான். ரக்பி ஆட்டத்தில் மோகங்கொண்ட இந்த வாலிபர், 2005-ம் ஆண்டில் தவறி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டார். கால்கள் இயங்கவில்லை. தேகப்பயிற்சிக்காகத் துடுப்பு யந்திரத்தை இழுக்கத் தொடங்கியவர், 2007-ல் உலகச் சாம்பியனாகிவிட்டார்!

அவர் வகுப்பினருக்கு ஆசனம் நகராது. மார்பைப் பட்டையால் பிணைத்திருப்பார்கள். படகு கவிழாதிருக்க இருபுறமும் மிதவைகள். தோளும் கையுமே மூலதனம். 2008-ல் பெய்ஜிங்கில் பாராலிம்பிக் பந்தயங்களில் படகுப் போட்டி முதன் முதலாக இடம் பெற்றது. ஆயிரம் மீட்டர் தனிப் படகில் தங்கப் பதக்கம் ஆகருக்கே கிடைத்தது. 2009, 2010, 2011 மூன்று வருஷங்களிலும் உலகப் பட்டமும் அவரை விட்டு அகலவில்லை.

இந்தப் பந்தயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் தோற்பவன்தான் ஜயிப்பவனுடைய முதுகைக் காண்கிறான். படகிலோ எல்லோரும் பின்னோக்கி அமர்ந்திருப்பதால், முந்துகிறவனுக்கே மற்றவர் முதுகு தெரியும். பிந்துகிறவனுக்குத் தன்னை வென்றவன் கண்ணிலேயே படமாட்டான்! ஆகர் எதிராளிகளின் முதுகைப் பார்த்தே பழகிவிட்டவர்.

2012-ல் லண்டன் பந்தயங்கள் வந்தன. சொந்த தேசம், ஈட்டன் டோர்னி ஏரிக்கரையில் தம் ஜனங்களின் ஆரவாரம். ஆனால் சீன வீரர் ஹுவாங் செங் தங்கத்தைக் கொண்டு போனார். ஆகருக்குக் கிடைத்தது நாலாவது இடம். நாலாவது இடத்துக்குப் பதக்கமும் கிடையாது, மேடையும் கிடையாது.

அத்துடன் துடுப்பைக் கீழே வைத்திருந்தால் அவரைக் குறை கூறுவார் யார்? தங்கமும் நான்கு உலகப் பட்டங்களும் வீட்டில் இருந்தன. ஆனால் அவர் மேலும் நான்கு வருஷம் உழைத்தார். 2016-ல் ரியோவில் உக்ரேனிய வீரர் போலியான்ஸ்கி முதல்வர், ஆஸ்திரேலியாவின் ஹோரி இரண்டாமவர், ஆகர் மூன்றாமவர். (லண்டனிலும் வெள்ளியே பெற்ற ஹோரியின் கதை தனிக்கதை.) பெய்ஜிங் தங்கத்தைக் காட்டிலும் இந்த வெண்கலத்தையே நாம் கனமானதாக மதிக்கிறோம்.

அவர் வலித்த அந்த ஆயிரம் மீட்டர்ப் பந்தயம் இப்போது இல்லை. 2017 முதல் இவ்வகுப்பினரும் மற்றவர்களைப் போல இரண்டாயிரம் மீட்டரே வலிக்கிறார்கள்.