'கிறுக்குச் சீனர்' நமக்குச் சொல்வது என்ன?

டிக் லீ என்ற பெயரைக் கேள்விப்படாத சிங்கப்பூரர் உண்டோ? ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் பள்ளி மண்டபங்களிலும் சமூக மன்றங்களிலும் ஒலிக்கத் தொடங்கும் 'ஹோம்' பாடலை இயற்றியவர் அவர்தான். 1998ஆம் ஆண்டுத் தேசிய தினத்திற்காக கிட் சான் பாடிய அந்தப் பாடலை நம்மில் பலர் தொடக்கப்பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். நம் அண்ணன், அக்காமார் அவரை 2004ஆம் ஆண்டு 'சிங்கப்பூர் ஐடல்' போட்டியின் நடுவராக நினைவில் வைத்திருப்பார்கள். 2005இல் நாட்டின் கலாசாரப் பதக்கத்தையும் அவர் பெற்றார்.

இவ்வளவு புகழும் சேர்ந்து அவருடைய சிறந்த படைப்பு ஒன்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பதே என் ஆதங்கம். 1989இல் வெளிவந்த 'தி மேட் சைனாமேன்' என்ற இசைத்தொகுப்பைத்தான் சொல்கிறேன். தமிழில் 'கிறுக்குச் சீனர்' எனலாம். வெளிவந்தபோது அது நன்றாகவே விற்றது. ஜப்பானிலும் அவருக்கு ரசிகர்களைத் தேடிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அவர் தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் இன்று அதை முழுமையாகக் கேட்டிருக்கும் மாணவர்கள் எத்தனை பேர்? தமிழ் மாணவர்களில் எத்தனை பேர்? தமிழ்ப் பேரவையின் ஆண்டு மலரில் ஒரு சீன இசைக்கலைஞரின் ஆங்கிலத் தொகுப்புக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சில வார்த்தைகள். 1956இல் பிறந்த டிக் லீ பெரனாக்கான் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1974இல், பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்தில், 'லைஃப் ஸ்டோரி' என்ற தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். அதில் 'ஃபிரைடு ரைஸ் பாரடைஸ்' என்றொரு பாடல். காப்பிக்கடையில் நாம் அன்றாடம் கேட்கும் சிங்கிலிஷ் மொழியில் அமைந்த வேடிக்கையான பாடல் அது. அந்த மொழிக்காகவே வானொலியில் அதற்குத் தடை விழுந்தது. வெள்ளைக்காரர் போல் பாடியிருந்தால் ஒலிபரப்பியிருப்பார்கள். தன் ஊர் மக்கள் பேசுவதுபோல் பாடியதால் கதவு சாத்தப்பட்டது. அதே மனிதர் 24 ஆண்டுகள் கழித்து நாடே எழுந்து நின்று பாடும் பாடலை எழுதினார் என்பது காலத்தின் விளையாட்டு. அந்த இரண்டு பாடல்களுக்கும் நடுவே நிற்கிறது 'கிறுக்குச் சீனர்'.

தொகுப்பின் அட்டையில் டிக் லீ சீன இசைநாடகக் கலைஞரின் வேடத்தில் நிற்கிறார். ஆங்கிலத்தில் சீனரை இளக்காரமாகக் குறிக்கும் ஒரு சொல்லை எடுத்து, அதற்கு முன்னால் 'கிறுக்கு' என்பதையும் தாமே சேர்த்துக்கொண்டு, அதையே தலைப்பாக்கினார். பிறர் சூட்டிய பட்டத்தைத் தானே அணிந்துகொண்டால் அதன் கூர் மழுங்கிவிடுமல்லவா? தலைப்புப் பாடலும் அதே சங்கடத்தைத்தான் பேசுகிறது. ஆசிய வீட்டில் பிறந்து, மேற்கத்திய இசையைக் கேட்டு வளர்ந்து, இரண்டிலும் முழுமையாக ஒட்ட முடியாத ஒருவனின் மனப்போராட்டம் அது. ஆங்கிலத்தில் சிந்தித்துவிட்டுத் தமிழ் வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் நம் நண்பர்களுக்கு இந்தச் சங்கடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பாடல்களுக்கு வருவோம். 'ராசா சாயாங்' நாம் அனைவரும் அறிந்த மலாய் நாட்டுப்பாடல். டிக் லீ அதன் பல்லவியை அப்படியே வைத்துக்கொண்டு, இடையிடையே உள்ளூர் ஆங்கிலத்தில் 'ராப்' சேர்த்தார். பின்னணியில் எண்பதுகளுக்கே உரிய மின்னணுத் தாளம். 'முஸ்தபா' இன்னொரு வியப்பு. இது 1996இல் 'காதல் தேசம்' படத்திற்காக ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த பாடல் அன்று. 1950களில் எகிப்தில் பிறந்து, 1960இல் ஐரோப்பாவெங்கும் பரவிய பழைய பாடல். பிறக்கும்போதே அரபும் பிரெஞ்சும் இத்தாலியமும் கலந்து பிறந்தது. அதை டிக் லீயுடன் பாடியவர் ஜசிந்தா. அவருடைய குடும்பப் பெயர் அபிஷேகநாதன் என்று அறிந்தபோது என் காது இன்னும் கொஞ்சம் கூர்மையானது என்பதை மறைக்கமாட்டேன்.

'லிட்டில் ஒயிட் போட்' என்பது இங்குள்ள சீனக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் தாலாட்டுப் போன்ற பாட்டு. பலரும் அதைச் சீனப் பாட்டு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது 1924இல் கொரியாவில், ஜப்பானியர் ஆட்சியின்போது, யுன் குக் யோங் இயற்றிய 'அரை நிலா' என்ற குழந்தைப் பாடல். கொரியாவிலிருந்து சீனாவுக்குச் சென்று, அங்கிருந்து நம் ஊர்த் தாய்மார்களின் மடிக்கு வந்து சேர்ந்தது.

இந்த மூன்று பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். நாம் 'நம்முடையது' என்று உரிமை கொண்டாடும் பாட்டுகள் பல, எங்கிருந்தோ கடல் கடந்து வந்தவை. 2007இல் மலேசியா தன் சுற்றுலா விளம்பரத்தில் 'ராசா சாயாங்' பாடலைப் பயன்படுத்தியபோது, அது மலுக்கு தீவுகளின் சொத்து என்று இந்தோனேசியாவில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இரு நாடுகள் மோதிக்கொள்வதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, டிக் லீ தம் பாணியில் ஒரு விடை சொல்லிவிட்டார்: மனமாரப் பாடி வளர்ந்தவனுக்கும் அதில் பங்கு உண்டு.

நான் குடியிருக்கும் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'பாத்தோக்' என்றால் இருமல். கருங்கல் குவாரியில் வெடி வைத்த சத்தம் மலை இருமுவது போல் கேட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பார் சிலர். வேறு விளக்கம் தருவோரும் உண்டு. அந்தக் குவாரிகளில் ஒன்று இன்று நீர் நிறைந்து, சீனாவின் குய்லின் நகரை நினைவூட்டுவதால் 'லிட்டில் குய்லின்' என்று அழைக்கப்படுகிறது. மலாய்ப் பெயர் கொண்ட மலைக்குப் பக்கத்தில் சீனப் பெயர் கொண்ட ஏரி. அதற்கு ஆங்கிலத்தில் ஓர் அடைமொழி. அதன் கரையில் மாலை நேரத்தில் தமிழில் பேசிக்கொண்டு நடக்கும் என் பெற்றோர். புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டது 1990இல். ஆக, இந்தத் தொகுப்பும் எங்கள் நிலையமும் ஏறக்குறைய ஒரே வயது. 'கிறுக்குச் சீனரின்' பாடல்களைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த ரயிலில் போகும்போது, இவர் கற்பனையாக எதையும் கலக்கவில்லை, என் வட்டாரத்தைத்தான் பாடுகிறார் என்று தோன்றும்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். "கலப்பைப் போற்றத் தொடங்கினால் தமிழ் என்ன ஆவது? ஏற்கெனவே நம் பிள்ளைகள் பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று பேசுகிறார்கள். நீங்களும் அதற்குத் தூபம் போடலாமா?" என்று என் தமிழாசிரியர்கள் கேட்பார்கள். இந்தக் கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகளின் விகிதம் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்தது, 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் இந்தச் சரிவு. தமிழ்ப் பேரவையில் இருப்பவர்கள் இந்த எண்களைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் எல்லாக் கலப்பும் ஒன்றா? சொல் தெரியாமல் கலப்பது ஒன்று. தெரிந்து, தேர்ந்து கலப்பது மற்றொன்று. முன்னது இயலாமை, பின்னது கலை. டிக் லீ மலாய்ப் பாட்டைச் சிதைக்கவில்லை. அதன் மெட்டும் சொல்லும் துலங்கும்படி வைத்துத்தான் தம் சரக்கைப் பக்கத்தில் சேர்த்தார். தேங்காய்ப்பாலின் பக்குவம் தெரிந்தவர்தான் லக்சா சமைக்க முடியும். கலக்கத் தெரிந்தவருக்கு, கலக்கும் ஒவ்வொன்றின் தனிச்சுவையும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, நன்றாகக் கலக்க வேண்டுமானால் நன்றாகத் தமிழ் கற்க வேண்டும் என்பதே இந்தத் தொகுப்பிலிருந்து நான் பெற்ற பாடம். தமிழாசிரியர்களின் கவலைக்கும் இந்தப் பாடத்திற்கும் பகை இல்லை.

தமிழும் இந்தத் தீவுகளின் மொழிகளோடு நெடுங்காலமாகக் கொடுத்து வாங்கியே வாழ்ந்திருக்கிறது. நம் கப்பல் மலாயில் 'காப்பால்' ஆனது. கடை 'கெடாய்' ஆனது. கட்டில் 'காத்தில்' ஆனது. பதிலுக்கு நாம் 'பசார்' போகிறோம், உணவைத் 'தாப்பாவ்' செய்கிறோம். பேச்சுப் போட்டி ஒன்றில் என் தமிழைக் கேட்ட நடுவர் ஒருவர், "இது சிங்கப்பூர்த் தமிழ், மேடைக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று எனக்கு இருந்த வருத்தம், 1974இல் வானொலி நிலையத்தின் கதவடைப்பைச் சந்தித்த அந்த இளைஞருக்கும் இருந்திருக்கும். மதுரைத் தமிழ் உண்டு, கோவைத் தமிழ் உண்டு, யாழ்ப்பாணத் தமிழ் உண்டு. தேக்காத் தமிழுக்கு மட்டும் மேடையில் இடம் இல்லையா?

இசைக் கலப்பு தமிழர்க்குப் புதிதும் அன்று. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே அரங்கில் அமர்த்தினார். என்ன பெயர் வைப்பது என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார். அது இரண்டு செவ்வியல் மரபுகள் கைகுலுக்கிய இடம். டிக் லீ தொட்டதோ பள்ளிக்கூடப் பாட்டும் காப்பிக்கடைப் பேச்சும். முன்னதை வியக்கலாம், பின்னதை நாமும் செய்து பார்க்கலாம் என்ற துணிவு வருகிறது. எல்லைக்கு அப்பால் மலேசியத் தமிழர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். யோகி பி மற்றும் நட்சத்ரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பில், 1980இல் 'நிழல்கள்' படத்தில் இளையராஜா தந்த 'மடை திறந்து' பாடலை எடுத்துத் தமிழ் 'ராப்' ஆக்கியபோது, தமிழகமே திரும்பிப் பார்த்தது.

'கிறுக்குச் சீனர்' குறையற்ற படைப்பு என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் மின்னணு ஒலிகளுக்கு வயதாகிவிட்டது. சில இடங்களில் சுற்றுலாப் பயணிக்கு அனுப்பும் அஞ்சலட்டை போல எல்லாம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை பெரிய குறை ஒன்று உண்டு: மலாய்ப் பாட்டும் சீனக் குழந்தைகளின் பாட்டும் இடம்பெற்ற அந்தத் தொகுப்பில் முழுத் தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்காக அவரைக் குறைகூறுவது முறையாகாது. அவர் தமக்குத் தெரிந்ததைப் பாடினார். நம் பாட்டை நாம்தானே பாட வேண்டும்?

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. எஸ். ஜேசுதாசன் இயற்றிய 'முன்னேறு வாலிபா' பாடலைத் தமிழ் தெரியாத சிங்கப்பூரர்களும் பாடுகிறார்கள். 2012இல் ஷபீர் 'சிங்கை நாடு' பாடலைத் தந்தார். இவை நாட்டைப் போற்றும் பாடல்கள். நமக்குப் பெருமை சேர்ப்பவை. எனினும் மேடைப் பெருமிதம் இல்லாமல், வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பேசுகிற தமிழில், சிரித்துக்கொண்டும் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டும் பாடும் ஒரு தொகுப்புக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

ஆகவே நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றமும் பேச்சுப் போட்டியும் நடக்கட்டும். அவை நமக்கு வேண்டும். அவற்றோடு ஆண்டுக்கு ஒரு மாலை, பாட்டுக்கென்று ஒதுக்குவோம். 'நிலா நிலா ஓடி வா' என்று பாட்டி சொல்லித் தந்ததை ஒருவர் கொண்டு வரட்டும். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டை ஒருவர் கொண்டு வரட்டும். கணினியில் தாளம் அமைக்கத் தெரிந்தவர் ஒருவர் வரட்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: எந்தச் சொல்லைக் கலந்தாலும், அதற்குரிய தமிழ்ச் சொல்லும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன் 'கிறுக்குச் சீனரை' ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள். 2.5 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட, அந்த 2.5 விழுக்காட்டினர் என்ன பாடுகிறார்கள் என்று மற்றவர்கள் காது கொடுக்கும்படி செய்வதே நம் தலைமுறையின் கடமை.